கிரேக்கர்களும் அப்பாவின் கொள்ளியும்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இடைநிலைப் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் சிலி பாடி, அதாவது ஊசி மிளகாய். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். ஊரார் வாயை மூட உலைமூடி உண்டா? ஓய்வு பெற்ற பிறகும் காரம் குறையவில்லை. அதனால் இதை நான் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கிரேக்கர்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது என் தம்பி வழியாக. சுங்கைப்பட்டாணி நகரத்துப் பாக்கார் ஆராங் பகுதியில் எங்களுடையது வரிசை வீடு. கூடத்தில் சன்னலோரமாக அப்பாவின் கட்டில். அப்பா பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறிய பிறகு சுங்கைப்பட்டாணிக்கு வந்து ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. நல்லவேளை, பேச்சு தப்பித்தது. நல்லவேளை என்றா சொன்னேன்? பேச்சு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது என்பதைத் தவிர.

தம்பி பெண்டாட்டியோடு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. ஒரு காலத்தில் குடித்தான். சாதாரணக் குடி இல்லை. அம்மா போன பிறகு, பசார் பின்னால் கால்வாயில் விழுந்து கிடந்து, மீன் விற்கிற சீனர் எங்களுக்குப் போன் போட்டுச் சொல்கிற அளவுக்கான குடி. கோயிலில் வேண்டினேன், கையில் கயிறு கட்டினேன், கன்னத்தில் அறைந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டயர் கடைக்கு மேலே ஒரு மாடியில் கூடுகிற கிறிஸ்தவ சபைக்காரர்கள் நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வைத்து, கஞ்சி கொடுத்து, கை நடுங்குகிற நாளெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். விட்டான். அதோடு திருநீற்றையும் விட்டான், படையலையும் விட்டான். அந்த மாடிப்படியை நான் திட்ட முடியாது. என் தம்பியை உயிரோடு திருப்பிக் கொடுத்தது அது. திட்ட முடியாத ஒன்றின் மேல் கோபம் வருவதுபோலக் கொடுமை வேறில்லை.

அப்பாவுக்கு இதில் எல்லாம் வருத்தமே இல்லை. மருமகள் பொட்டு வைக்காததைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அம்மா இறந்தபோது தோட்டத்துச் சுடுகாட்டில் தம்பிதான் கொள்ளி வைத்தான். மொட்டை அடித்து, கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருப்பு வைத்தான். அப்போது அவன் எங்கள் ஆள். அதே கை தனக்கும் வேண்டும் என்றார் அப்பா. ஒரு சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் கட்டிலருகே உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்:

“நெருப்பு யாரு வெச்சாலும் எரியும். ஆனா அவன் வெச்சா எனக்கு வலிக்காது.”

தம்பி எழுந்து வெளியே போய், சுத்தமாக இருந்த காரைக் கழுவ ஆரம்பித்தான். அப்பா என் பக்கம் திரும்பினார். நீ டீச்சர், உன் பேச்சைக் கேட்பான், அவனை எப்படியாவது சம்மதிக்க வை என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் சபை நடத்துகிற வார இறுதி வேதப் படிப்பில் தம்பி சேர்ந்தான். அதில் ஒரு பாடம், ஆதித் திருச்சபையும் கிரேக்கத் தத்துவமும். பாடக் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில். தம்பிக்குத் தமிழும் மலாயும் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலமோ இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை வாசகம் படிக்கிற அளவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டுக் கட்டாகத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்து, தமிழில் சொல்லிக் கொடுக்கா என்றான். புரட்டிப் பார்த்தேன். எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இவனுடைய ஆட்களே அந்தக் காலத்தில் அடுத்த வீட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டவர்கள். அதைக் காட்டியே இவனை வளைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பாடம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டது அதற்காகத்தான். தம்பி மேல் இருந்த பாசத்தால் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அந்த ஞாயிறுகள் நன்றாகத்தான் இருந்தன. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பால் விடாத தே-ஓ தேநீர் கலக்கி வைத்துக்கொண்டு, நான் வாசித்துச் சொல்வேன், அவன் எழுதிக்கொள்வான். முதல் வாரம் ஏதென்ஸ். கிறிஸ்துவின் அப்போஸ்தலர் ஒருவர் அங்கே போய்ப் படித்தவர்கள் நடுவில் நின்று பேசுகிறார். ஒரே கடவுள்தான் எல்லாவற்றையும் படைத்தார் என்றபோது காது கொடுத்துக் கேட்டவர்கள், செத்தவர் எழுந்தார் என்றதும் சிரித்துவிட்டார்கள். ஆன்மா சாகாது என்று சொன்னால் அந்த ஊரில் பாதிப் பேர் தலையாட்டியிருப்பார்கள். இந்த உடம்பு திரும்பி எழும் என்றால் எப்படி? அவர்களில் பலருக்கு உடம்பு என்பது கழற்றிப் போட வேண்டிய சங்கதி.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதென்ஸில் விஷம் குடிக்கச் சொல்லித் தீர்ப்பான கிழவரைப் பற்றிச் சொன்னேன். கடைசி நாளில்கூடப் பதறாமல், ஆன்மாவைப் பற்றி நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் என்றேன். அப்பா, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்களா என்று கேட்டார். இல்லை, பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நண்பர்கள் நடுவில்தான் குடித்தார் என்றேன். அப்பா முகத்தைச் சுளித்தார். ச்சே, அது என்ன சாவு என்றார். தம்பி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். எத்தனையோ வகுப்பில் அந்தக் கிழவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் நான் மெல்ல வலையை விரித்தேன். உலகத்தை நடத்துகிற ஓர் அறிவு உண்டு, அதற்கு லோகோஸ் என்று பெயர் என்று கிரேக்கர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லையே எடுத்துக் கிறிஸ்துவுக்கு வைத்தார்கள் இவர்கள். அதன் விதை எல்லா மனிதருக்குள்ளும் விழுந்திருக்கிறது, கிறிஸ்துவுக்கு முன்னால் அறிவோடு வாழ்ந்தவர்களும் ஒருவகையில் எங்கள் ஆட்களே என்று எழுதியவர் உண்டு. அலெக்சாந்திரியாவில் ஒருவர், குழந்தையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விடுகிற ஆள் மாதிரி, தத்துவம் கிரேக்கர்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்து விட்டது என்றார். கார்த்தேஜ் பக்கத்தில் ஒருவர் மட்டும், அந்தக் குப்பை நமக்கு எதற்கு என்று சீறினார். ஆனால் சீறுவதற்கு அவர் கையாண்ட வாதமெல்லாம் அதே பள்ளியில் கற்றதுதான். அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. என் சாதி.

விதை எல்லாரிடமும் விழுந்தது என்றால் நம் கெடா மாநிலத்தில் மட்டும் விழாமல் போகுமா, பால்மரக் காட்டில் பிறந்தவனுக்கு ஒரு மணிகூட இல்லையா என்று போகிற போக்கில் கேட்டுவைத்தேன். தம்பி, விழுந்திருக்கும்க்கா என்றான். சந்தோஷமாகவே சொன்னான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தார்.

பிறகு வந்தது மேலங்கிக்காரர் பாடம், இரண்டு வாரம் ஓடியது. அவர் ஒவ்வொரு தத்துவப் பள்ளியாகச் சுற்றி, கடைசியில் கடற்கரையில் ஒரு முதியவரோடு பேசிக் கிறிஸ்தவரானவர். ஆனபின்னும் தத்துவஞானிகள் போட்டுக்கொள்கிற மேலங்கியைக் கழற்றவில்லை. அதை உடுத்திக்கொண்டே ரோமாபுரியில் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நான் தாளைக் கீழே வைத்தேன். இதுதான் சமயம் என்று பட்டது. உங்கள் ஆளே பழைய சட்டையோடு புதிய சாமியைக் கும்பிட்டிருக்கிறார், நீ ஒரே ஒரு நாள் பழைய மகனாக நின்றால் உன் சாமி கோபித்துக்கொள்வாரா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அம்மாவுக்குச் செய்தவன் அப்பாவுக்கு மாட்டேன் என்றால் அது என்ன நியாயம் என்றும் கேட்டேன்.

 தம்பி நான் கீழே வைத்த தாளை எடுத்து, கடைசிப் பத்தியைக் காட்டினான். அதைப் போன வாரமே நான் தமிழில் சொல்லி, அவன் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தான். அந்த மேலங்கிக்காரரைப் பிடித்துக்கொண்டுபோய் அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் தெய்வங்களுக்குப் பலி கொடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். மாட்டேன் என்றார். தலையை வெட்டிவிட்டார்கள்.

“அவங்க கிரேக்கர்கிட்ட இருந்து யோசனைய எடுத்துக்கிட்டாங்கக்கா. சடங்க எடுத்துக்கல. அதுக்குத்தான் செத்தாங்க. நீதான் சொல்லிக் குடுத்த.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான்தான். ஆத்திரத்தில் அந்தத் தாள்களைத் தள்ளிவிட்டேன். தே-ஓ கொட்டி மேசையெல்லாம் ஓடியது. அவன் பொறுமையாகத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, எரிப்பதில் தனக்கு ஒன்றுமில்லை, சாம்பலிலிருந்தும் கடவுளால் எழுப்ப முடியும், பாடையைத் தூக்குவேன், கூடவே வருவேன், ஆனால் வாய்க்கரிசியும் சூடமும் கொள்ளியும் இன்னொரு வாசலில் போய் நிற்பது மாதிரி என்று சொன்னான். பிறகு அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, உண்மையான காரணத்தைச் சொன்னான். ஒரு நூலை அவிழ்த்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றான். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்துதான் முதல் முறையாக விடிய விடியக் குடித்தேன் என்றான்.  தத்துவத்தோடு சண்டை போடலாம். கால்வாயில் கிடந்தவனுடைய பயத்தோடு எப்படிப் போடுவது?

அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. வரிசை வீட்டுக் கூடத்தில் எது யாருக்குக் கேட்காது?

கொஞ்ச நாள் கழித்து, தஞ்சோங் டாவாய்க்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மெர்போக் ஆறு கடலில் சேர்கிற இடத்தில்தான் அம்மாவின் அஸ்தியைக் கரைத்தோம். சக்கர நாற்காலியை மடித்து காரில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். படகுத்துறையில் கருவாடும் நெத்திலியும் காய்கிற வாசம். எதிர்க்கரைக்குப் படகில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி நாற்காலியைப் பலகை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டான். அப்பா ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு, நான் உங்கள் பக்கம் வந்துவிட்டால் நீ செய்வாயா என்று கேட்டார். தம்பிக்குப் புரியவில்லை. எனக்கு முன்னமே புரிந்துவிட்டது.

“உங்க ஆளுங்கள தண்ணில முக்குவீங்கல்ல. இதோ தண்ணி இருக்கு, முக்கிடு. அப்புறம் உங்க முறையில என்னா வேணாலும் செய். பொதைச்சாலும் சரி. உன் கை படணும், அவ்ளோதான்.”

தோட்டத்து மாரியம்மனுக்குக் காவடி எடுத்தவர் என் அப்பா. பக்கவாதத்திலும் காலையில் நான் திருநீறு பூசிவிடாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் அத்தனையையும் ஒரே மூச்சில் தூக்கிப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் விளக்கேற்றிக்கொண்டிருப்பவள் நான். அமாவாசைக்கு அவருக்குப் படைக்கப் போகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. மகன் கை மகன் கை என்கிறாரே, தினமும் அவரைத் துடைத்துவிடுகிற இந்தக் கை என்ன, வாடகைக்கு வந்ததா? நினைத்தேன், சொல்லவில்லை.

தம்பி நாற்காலி முன்னால் பலகையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். இப்போது ஒப்புக்கொண்டுவிடுவான் என்று நினைத்தேன். எந்தச் சபைக்காரர் வேண்டாம் என்பார்? அவன் அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டான்.

“அப்பா, நீங்க இயேசுவ நம்புறீங்களா?”

“நான் உன்ன நம்புறேன்டா.”

அந்தக் காலத்தில் சபைக்கு வருகிறேன் என்றவரை உடனே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், வருடக்கணக்காகக் காத்திருக்க வைத்து, சொல்லிக்கொடுத்து, நடத்தையைப் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்குவார்கள் என்று அவனுக்கு வாசித்துச் சொன்னவள் நான்தான். இப்போது அதை அவன் சொல்லவில்லை. அழுதான். அவ்வளவு பெரிய ஆள் படகுத்துறையில், மீன்கூடை தூக்குகிறவர்கள் நின்று பார்க்க, தோள் குலுங்க அழுதான். அது பொய்யாப் போயிடும்ப்பா, உங்கள வெச்சி நான் பொய் சொல்ல முடியாதுப்பா என்றான். அப்பா அவன் தலையில் கை வைத்தார். சரி விடு, கருவாடு வாங்கிக்கொண்டு கிளம்புவோம் என்றார். வாங்கினோம். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று நின்ற கொக்கு நான்தான். கையில் உண்மையாகவே கருவாடு இருந்தது, அதுதான் வித்தியாசம்.

வரும் வழியெல்லாம் மனசுக்குள் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தேன். வேறு யாராக இருந்தாலும் ஓர் ஆத்துமா கிடைத்தது என்று அப்பாவை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் அவனை வெறுக்கவாவது வழி இருந்திருக்கும். நல்லவனாக இருந்து தொலைத்தான். வீட்டுக்கு வந்து படுக்க வைத்ததும் அப்பா என் கையைப் பிடித்து, இனிமேல் அவனிடம் கேட்காதே, அழுகிறான் என்றார். தன் ஆசையை அவர் அப்படித்தான் கைவிட்டார். சோறு போதும் என்று தட்டை நகர்த்துகிற மாதிரி.

நான் விடவில்லை. எனக்கு விடத் தெரியாது. தோட்டத்துச் சுடுகாடு போல இங்கே விறகு அடுக்குவதில்லை. எங்கள் பக்கத்து மின்சுடலையில் பெட்டி தண்டவாளத்தில் உள்ளே போகும், கதவு மூடும், சுவரில் ஒரு பொத்தானை மகன் அமுக்குவான். அவ்வளவுதான் இன்றைய கொள்ளி. கொள்ளிக்குடத்தைச் சித்தப்பா மகன் தூக்கட்டும், சூடம் சாம்பிராணி எதையும் நீ தொட வேண்டாம், பொத்தானை மட்டும் நீ அமுக்கு என்றேன் தம்பியிடம். பொத்தானுக்கு எந்தச் சாமி இருக்கிறது? தொழிற்சாலையில் நாள் முழுக்க அமுக்குகிறாய்தானே? அவன் அதைத் தள்ளிவிடவில்லை.  ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்க்கா என்றான். அடுத்த ஞாயிறு கேட்டேன். இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றான். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். இவன் சாமிக்கு ஒரு பொத்தானைப் பற்றி முடிவெடுக்க இத்தனை வாரமா என்று எரிச்சலாக வந்தது.

அப்பா காத்திருக்கவில்லை. ஒரு நாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் இரண்டாவது தடவை தாக்கியது. கரண்டியை வாயிலிருந்து எடுப்பதற்குள் போய்விட்டார். நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம், பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி பிறகு சொன்னாள். அப்பா என்று கூப்பிடவில்லையாம். எனக்கு நினைவில்லை.

வீட்டில் நடந்ததெல்லாம் வழக்கம்போல நடந்தது. சித்தப்பா மகன் வேட்டி கட்டி, ஈரத்தோடு முன்னால் நின்றான். தம்பி வெள்ளைச் சட்டை போட்டு வாசல் கேட்டருகே, வெயிலில், நகராமல் நின்றான். வாய்க்கரிசிக்கு மகனைக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை ஒருத்தி, பெத்த பிள்ளை மூன்றாம் மனுசன் மாதிரி நிற்கிறான் பார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அடங்கினாள். நான் திட்டலாம் என் தம்பியை, அவள் யார்? பெட்டியைத் தூக்கும்போது தம்பி முன்பக்கம் வந்து தலைமாட்டைத் தாங்கினான். என்னைத் தாண்டிப் போகும்போது, பொத்தானை அமுக்குவாயா என்று கண்ணாலேயே கேட்டேன். அவன் உதடு அசைந்தது. பதிலா ஜெபமா, தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். டவுனில் இப்போது பல வீட்டுப் பெண்கள் சுடலைவரை போகிறார்கள். எங்களுடையது தோட்டத்து வழக்கம். போயே தீருவேன் என்று நான் அடம் பிடித்திருக்கலாம். ஆனால் இத்தனை மாதம் தம்பியிடம் நம் வழக்கம் நம் வழக்கம் என்று தொண்டை வறளப் பேசினவள், எனக்கு மட்டும் எந்த வாயால் விலக்குக் கேட்பேன்? வண்டி முனை திரும்பி மறைந்தது. அந்த நெருப்புக்காகக் கிரேக்கத்துக்கும் ரோமாபுரிக்கும் போய்ச் சண்டை போட்டு வந்தவள், கால் கிலோமீட்டர்கூடத் தாண்ட முடியாமல் திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டேன்.

ஆண்கள் திரும்பி வந்தபோது வாசலில் மஞ்சள் தண்ணீரோடு நின்றிருந்தேன். சித்தப்பா மகன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது அக்கா என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான். தம்பி கடைசியாக வந்தான். எந்த மறுப்பும் சொல்லாமல் அந்தத் தண்ணீரில் கால் கழுவினான். பின்னால் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பில்லை; பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி சோறும் கீரையும் கொடுத்திருந்தாள். தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, பொத்தானை யார் அமுக்கியது என்று கேட்டேன். கேட்கவே கூடாது என்று இருந்தேன். வாய் நிற்கவில்லை.

வண்டியிலேயே முடிவு பண்ணிவிட்டானாம். அமுக்கப் போகிறேன் என்று சித்தப்பா மகனிடம் சொல்லியிருக்கிறான். அவனும் கொள்ளிக்குடத்தை உடைத்துவிட்டு ஒதுங்கி வழி விட்டிருக்கிறான். பெட்டி உள்ளே போனது. கதவு மூடியது. தம்பி பொத்தான் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டி, ஒரே ஒரு நிமிடம் தன் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு அமுக்கலாம் என்று கண்ணை மூடித் தலையைக் குனிந்திருக்கிறான். அங்கே வேலை செய்கிறவர் வங்காளதேசத்துக்காரர், தமிழ் தெரியாது. அமுக்க மனசு வராமல் எத்தனையோ பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று தவிப்பதைப் பார்த்தவராம். தலை குனிந்தால் என்னால் முடியவில்லை, நீங்களே செய்துவிடுங்கள் என்று அர்த்தம், அங்கே அதுதான் பழக்கமாம். இரக்கப்பட்டு அவரே அமுக்கிவிட்டார். தம்பி கண்ணைத் திறந்தபோது உள்ளே சத்தம் கேட்டிருக்கிறது. அவர் இவன் தோளைத் தட்டி, பரவாயில்லை என்று மலாயில் சொன்னாராம்.

எனக்குக் கோபம் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. யார் மேல் வரும்? தம்பி சோற்றில் கை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கால்வாயிலிருந்து தூக்கி வந்த நாளில் பார்த்த அதே பார்வை.

“அக்கா, அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?”

ஆன்மாவைப் பற்றி ஏதென்ஸில் சொன்னதும் தெரியும் எனக்கு, உடம்பைப் பற்றி இவனுடைய ஆட்கள் சொன்னதும் தெரியும். ஞாயிறு ஞாயிறாக நான்தானே சொல்லிக்கொடுத்தேன். அவன் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கீரையைப் பிசைந்து, அப்பாவுக்கு ஊட்டிய கையால் ஒரு வாய் எடுத்து, அவன் வாயருகே கொண்டுபோனேன்.